நாலாம் தரத்தின் பங்குனி



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மன்னாரில் வெயில் நன்றாக ஏறியிருக்கும். வாடைக்காற்று ஓய்ந்துவிட்டது, சோளகக்காற்று இன்னும் எழவில்லை. தீவின் இரண்டு பக்கமும் கடல் அடங்கிக் கிடக்கிற இந்தச் சில கிழமைகளில்தான் பிள்ளைகளின் முதலாந் தவணைப் படிப்பும் மும்முரமாக நடக்கிறது. வழக்கமாக இந்தப் பக்கத்தில் இதழில் என்னென்ன வருகிறது என்று சொல்லிவிட்டு விலகிவிடுவேன். இம்முறை ஒரு வகுப்பறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச ஆசை. மன்னார்த் தீவில் நாலாம் தரம் படிக்கிற ஒன்பது வயதுப் பிள்ளை, இந்தப் பங்குனியில் என்ன படித்துக்கொண்டிருக்கிறது?

நேர அட்டவணையைப் பார்த்தால் புதிதாக ஒன்றும் இல்லை. தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், சமயம், ஆங்கிலம், இரண்டாம் மொழியாகச் சிங்களம், இடையிடையே சித்திரமும் பாட்டும் விளையாட்டும். பாடநூல்களும் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். 1980 முதல் அரசு இலவசமாகக் கொடுத்துவரும் அந்தப் புத்தகம், நுவரெலியாக் குளிரில் இருக்கிற பிள்ளையின் பையிலும் இருக்கிறது, பேசாலை மணலில் நடக்கிற பிள்ளையின் பையிலும் இருக்கிறது. அதில் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் நாட்டுக்கெல்லாம் பொதுவான ஒரு புத்தகத்தால் எல்லா ஊருக்கும் பொதுவானதைத்தான் சொல்ல முடியும். பேசாலைக்கும் எருக்கலம்பிட்டிக்கும் தலைமன்னாருக்கும் உரியதை வகுப்புக்குள் கொண்டுவருவது ரீச்சர்மாரின் கையில் இருக்கிறது. மன்னாரில் அதைச் செய்கிற ரீச்சர்மார் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் அவர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

வடகரையில் உள்ள ஒரு சிறிய பாடசாலை. ஜன்னல் விளிம்பில் இரண்டு பீங்கான் தட்டுகள். ஒன்றில் பாடசாலைக் கிணற்று நீர், மற்றதில் ஒரு பையன் போத்தலில் கொண்டுவந்த கடல்நீர். எந்தத் தட்டு எது என்று ஈர்க்கில் செருகிய கடதாசிக் கொடியில் எழுதியிருக்கிறது. பங்குனி வெயிலுக்கு இரண்டும் வற்ற அதிக நாள் பிடிக்கவில்லை. கிணற்று நீர் இருந்த தட்டில் மெல்லிய சாம்பல் வளையம் மட்டும். கடல்நீர்த் தட்டில் பொருக்கு. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி விரலை வைத்து, நாக்கில் தொட்டு, முகத்தைச் சுளித்துவிட்டுச் சொன்னாள்: “ரீச்சர், எங்கட உப்பளத்தில இருக்கிறதுதான் இது.” பாலம் தாண்டி மன்னார் நகருக்குள் வருகிற எவரும் பார்க்கிற அந்த உப்பளப் பாத்திகளை அவள் பஸ்ஸில் இருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அவை எப்படி வேலை செய்கின்றன என்று அவளுக்கே தெரிந்தது.

ரீச்சர் அதோடு விடவில்லை. கரும்பலகையில் கணக்கு ஒன்று வந்தது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அப்படியென்றால் வீட்டுக்கு ஒரு கிலோ உப்பு வேண்டுமானால் எத்தனை லீற்றர் கடல்நீர் வற்ற வேண்டும்? நாலாம் தரத்துக்கு இது லேசான கணக்கு அல்ல. சிலர் 35, 70, 105 என்று கூட்டிக்கொண்டே போனார்கள். ஒருவன் பத்து லீற்றருக்கு 350 என்று தாவினான், பிறகு மூன்று மடங்கு போட்டான், கொஞ்சம் கூடிவிட்டது என்று கண்டு ஒரு லீற்றரைக் குறைத்தான். 29 லீற்றர் அளவு என்று அவன் சொன்னபோது, வகுப்பே தண்ணீர்க் கானைக் கண்ணால் தேடியது. அந்தக் கானில் அளவு எழுதியிருந்தது. ஒரு கானுக்கு மேலே வேண்டும் என்று பிள்ளைகளே கண்டார்கள். சுற்றாடல் எங்கே முடிந்தது, கணிதம் எங்கே தொடங்கியது என்று எவரும் கேட்கவில்லை. அடுத்த நாள் தமிழ்ப் பாடத்துக்குக் கட்டுரைத் தலைப்பு உப்பளம்.

கிணற்று நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீவின் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் மெல்லிய படையாக உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. மாரியில் பெய்கிற மழைதான் அதற்கு வரவு. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கிற உவர் மேலே வந்துவிடும். தன் வீட்டுக் கிணறு ஏன் ஆவணியில் உவர்க்கிறது என்ற கேள்விக்கான விடை, அந்த இரண்டு தட்டுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரியவர்கள் பலருக்கும் விளங்காத விசயம் இது. ஒன்பது வயதில் விளங்கிய பிள்ளை நாளைக்கு மோட்டரைப் போடுமுன் யோசிக்கும் என்று நம்புகிறேன்.

கணிதத்தில் நீள அளவை வருகிற தவணை இது. மீற்றர், சென்ரிமீற்றர். அடிமட்டத்தை வைத்துக் கொப்பியில் கோடு அளப்பதோடு நிற்காமல், மன்னார் நகருக்குப் பக்கத்தில் உள்ள பிள்ளைகளைப் பள்ளிமுனைக்குக் கூட்டிப்போவதைப் போல நல்ல பாடம் வேறு இல்லை. அங்கே நிற்கிற பெருக்க மரத்தின் சுற்றளவு 19.5 மீற்றர் என்று பதிவு. ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டு கையையும் விரித்தால் ஏறக்குறைய 1.3 மீற்றர். கை கோத்து மரத்தைச் சுற்றி நின்றால் பதினைந்து பிள்ளைகள் வேண்டும். ஆபிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட அந்த மரம் அரபு வணிகர் வழியாக இங்கே வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். வயது எழுநூறைத் தாண்டும் என்பதும் ஊர் வழக்கு. இலங்கைப் பாடத்திட்டத்தில் வரலாறு தனிப்பாடமாவது ஆறாம் தரத்தில். ஆனால் மரத்தின் பட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளை, “அரபு நாட்டுக் கப்பல் ஏன் இங்க வந்தது?” என்று கேட்டால் ஆறாம் தரம் வரை பொறுத்திரு என்று சொல்ல முடியுமா? தீவுக்கு எதிரே பெருநிலத்தில் மாதோட்டம் ஒரு பெருந்துறைமுகமாக இருந்ததையும், அங்கே அகழ்ந்தபோது சீனத்துப் பீங்கான் துண்டுகள் கிடைத்ததையும் ஒன்பது வயதுக்கு ஏற்றபடி சொல்லலாம். சொல்ல வேண்டும்.

பறவைகளைப் பற்றிச் சொல்லாமல் பங்குனி இதழ் நிறையாது. வங்காலைச் சரணாலயம் 2008 இல் அறிவிக்கப்பட்டது, 2010 இல் ராம்சார் ஈரநிலமானது. கார்த்திகையில் வந்த பூநாரைகளும் வாத்துகளும் உள்ளான்களும் இப்போது கிளம்புகிற காலம். பாலத்தால் போகிற பஸ்ஸில் ஒவ்வொரு கிழமையும் கண்ணை வைத்திருக்கிற பிள்ளைக்குத் தரவையும் களப்பும் வெறுமையாகிக்கொண்டு வருவது தெரியும். எங்கே போகின்றன? இந்தக் கேள்விக்கு மன்னாரிலேயே கிடைத்த விடை ஒன்று உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்னவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2021 இல் மன்னாரில் கடற்காகங்களைப் பிடித்து, முதுகில் சிறு கருவி பொருத்தி விட்டார்கள். அவற்றில் மேகா என்று பெயர் வைத்த ஒரு பறவை, இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து ருசியாவின் ஆர்க்டிக் கரை வரை போய், அங்கே கோடையைக் கழித்துவிட்டு, திரும்ப மன்னாருக்கே வந்தது. போக வர ஏறக்குறைய 19,000 கிலோமீற்றர். தலைமன்னார் பியரில் மீன் கழிவுக்குச் சண்டை போடுகிற கூட்டத்தில் அப்படிப்பட்ட ஒரு பறவை இருந்திருக்கக்கூடும்!

உலகப் படம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, மன்னாரில் ஒரு குண்டூசியும் ஆர்க்டிக் கரையில் ஒரு குண்டூசியும் குத்தி, நூல் கட்டினால் நாடுகளின் பெயர் தானாக வாயில் வரும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், கசகஸ்தான். ஒரு வகுப்பில் மேகாவுக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். “அங்க குளிரா? உங்கட பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்க. எங்கட ஊரில மீன் இருக்கு” என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. கடிதம் எழுதும் முறை என்று புத்தகத்தில் இருக்கிற பாடத்தை இதைவிட நன்றாகப் படிப்பிக்க எனக்குத் தெரியாது.

காற்றைப் பற்றி. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்ற பெயர்களை மன்னார்க் கடற்கரைப் பிள்ளைக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. வாடை அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், வள்ளங்கள் தென்கரைக்குப் போகும். சோளகத்துக்கு மறுவளம். வாடி மாறுவது, வலை மாறுவது, மீன் மாறுவது எல்லாம் வீட்டில் நாளும் பேசப்படுகிற கதை. ஆனால் பாடசாலையில் திசை என்ற பாடம் வரும்போது அதே பிள்ளை வடகிழக்கு, தென்மேற்கு என்று மனப்பாடம் செய்துகொண்டு நிற்கும். வீட்டில் தெரிந்ததும் கொப்பியில் எழுதுவதும் ஒன்றுதான் என்று ஒரு தடவை காட்டிவிட்டால் போதும், அந்தப் பிள்ளை திசையை ஆயுளுக்கும் மறக்காது.

காற்றோடு காற்றாலையும் வந்துவிடுகிறது. தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி மின்னிலையத்தில் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற். ஒவ்வொன்றின் சுழலியும் 126 மீற்றர் விட்டம், நூறு மீற்றர் ஓட்டப்பாதையைவிட நீளம். பிள்ளைகள் அவற்றை எண்ணுகிறார்கள், வரைகிறார்கள், கடதாசியில் செய்து சுழற்றுகிறார்கள். அதே பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் சென்ற ஆண்டு ஆகஸ்டில், புதிய காற்றாலைகளும் கனிய மணல் அகழ்வும் வேண்டாமென்று மன்னார் நகரில் நாட்கணக்காகத் தெருவில் இருந்தார்கள். மழைநீர் வடியாமல் நிற்பது, பறவைகளின் பாதை, மீன்பாடு என்று அவர்களின் கவலைகள் நீளமானவை. இதை வகுப்பில் பேசலாமா என்று ரீச்சர்மார் தயங்குகிறார்கள். பேசலாம் என்பது என் அபிப்பிராயம். மின்சாரம் எப்படி வருகிறது என்பதும் சொல்ல வேண்டும், ஊர் ஏன் கவலைப்படுகிறது என்பதும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே காலையில் கேட்கிற அளவுக்குப் பிள்ளைகளுக்கு மனம் உண்டு.

சமய பாட நேரத்தில் வகுப்பு பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓரிடத்துக்கு, சைவப் பிள்ளைகள் ஓரிடத்துக்கு, இஸ்லாம் படிக்கிறவர்கள் வேறிடத்துக்கு. மணி அடித்ததும் திரும்ப ஒரே வாங்கில். இந்த ஆண்டு ஒரு விசேஷம் நடந்தது. மகா சிவராத்திரி பெப்ரவரி 15, விபூதிப் புதன் 18, அதை அடுத்து ரமழான் நோன்பின் தொடக்கம். மூன்றும் ஒரே கிழமைக்குள். திருக்கேதீஸ்வரத்தில் பாலாவித் தீர்த்தம் எடுத்து அபிசேகம் செய்துவிட்டு வந்த பிள்ளை, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்த பிள்ளை, சகருக்கு எழும்பிய கதை சொல்கிற பிள்ளை எல்லோரும் அந்தக் கிழமை ஒருவரையொருவர் கேள்வி கேட்டுத் துளைத்தார்களாம். “நீ தண்ணியும் குடிக்க மாட்டியா?” “நித்திரை முழிச்சா வகுப்பில தூங்க மாட்டியா?” சமயப் புத்தகங்கள் மூன்றும் வேறு வேறாக இருந்தாலும், விரதம் என்ற ஒரே பாடத்தை மூன்று வீட்டிலிருந்தும் கேட்கிற வாய்ப்பு மன்னார்ப் பிள்ளைக்குத்தான் வாய்க்கிறது. முஸ்லிம் பாடசாலைகள் நோன்பு விடுமுறையால் மூடியிருந்த நாட்களில், பேசாலைப் பக்கம் தவக்காலப் பாடல்கள் தொடங்கிவிட்டன. யேசுவின் பாடுகளைக் காட்டும் பேசாலையின் உடக்குப் பாஸைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நாடகம் என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை. அழகியல் பாடத்தில் கூத்து மெட்டு ஒன்றைக் கேட்கச் சொல்லி ஊர் அண்ணாவிமாரைப் பாடசாலைக்கு அழைக்கிறவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

மொழிகளைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஆங்கிலத்தில் நிறங்களும் கிழமை நாட்களும், சிங்களத்தில் சுகம் விசாரிப்பதும் நடக்கிறது. ஒன்று மட்டும். புகையிரத நிலையப் பெயர்ப்பலகைகளில் மூன்று மொழியும் உண்டு. பேசாலை, தோட்டவெளி, மன்னார், முருங்கன் என்று தெரிந்த பெயர்களையே சிங்கள எழுத்தில் வாசிக்கப் பழகினால் எழுத்து சீக்கிரம் பிடிபடும். 2015 மார்ச்சில் தலைமன்னார் பியர் வரை மறுபடி ஓடத் தொடங்கிய இந்தப் பாதைக்கு ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1914 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குத் தொடங்கிய கப்பல், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், பிறகு இராமேஸ்வரத்துக்கு மாறிய பயணம். 80களில் அதுவும் நின்றது. கப்பலேறிப் போய்வந்தவர்கள் இன்னும் வீடுகளில் இருக்கிறார்கள். அம்மப்பாவிடமோ உம்மம்மாவிடமோ கேட்டு எழுதிவா என்று சொன்னால், வருகிற கட்டுரைகள் எந்தப் புத்தகத்திலும் இல்லாதவையாக இருக்கும்.

இவ்வளவும் எழுதும்போது மனதில் நிற்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று நாலாம் தரத்தில் இருக்கிற பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரில் பலர், போரினால் தங்கள் சிறுவயதுப் படிப்பை ஓரிடத்தில் முடிக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்துக் கொட்டில்களில் படித்தார்கள். வேறு சிலர் மடுவில் மரங்களுக்குக் கீழே. இன்னும் சிலர் கடலுக்கு அப்பால் மண்டபம் முகாமில், வேறொரு நாட்டின் பாடநூலை வைத்துக்கொண்டு. சென்ற கார்த்திகையில் டித்வா புயலோடு அருவியாறு பெருகியபோது நானாட்டான், முசலிப் பக்கத்துப் பிள்ளைகளின் கொப்பி புத்தகங்களும் வெள்ளத்தில் போயின. ஒரு தவணை முழுவதையும் ஒரே வாங்கில், ஒரே ரீச்சரிடம், இடைவெளி இல்லாமல் படித்து முடிப்பதை நாங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த மண்ணில் அது அரிதாகக் கிடைத்தது.

அதனால்தான் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். புலமைப்பரிசில் பரீட்சை ஐந்தாம் தரத்தில். நாலாம் தரத்திலேயே பிள்ளையின் பின்னேரங்களை முழுக்க வினாத்தாளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். பரீட்சையின் பெறுமதி எனக்குத் தெரியும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய பாடசாலையின் கதவைத் திறந்துவிடுகிற வழி அது. ஆனால் கரைவலை இழுக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளையை, படிக்காமல் நிற்கிறது என்று அதட்டிக் கூப்பிடாதீர்கள். வலையில் எத்தனை வகை மீன் என்று எண்ணச் சொல்லுங்கள். பங்கு பிரிக்கிறதைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னம் என்ற பாடத்தைக் கரையில் மீனைக் குவித்துப் பங்கு போடுகிற சம்மாட்டியைவிடத் தெளிவாக எவர் காட்டுவார்? பாய் இழைக்கிற உம்மம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை ஓலைக்கு ஒரு நிறம் மாறுகிறது என்று பார்க்கிற பிள்ளையும் கணிதம்தான் படிக்கிறது.

இனி இந்த இதழின் வேலைக்கு வருகிறேன். வாசகர்களாகிய பிள்ளைகளுக்கு ஒரு செயற்பாடு வைத்திருக்கிறோம். சில வகுப்புகளில் மார்ச் தொடக்கத்திலேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். ஒரு மீற்றர் நீளமான தடியை முற்றத்தில் நிமிர்த்தி நட்டு, நண்பகலில் நிழலின் நீளத்தை அளக்க வேண்டும். மார்ச் முதல் நாட்களில் நிழல் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர் இருந்திருக்கும். 20 ஆம் திகதியளவில் 16. ஏப்ரல் பிறக்கும்போது 8. நிழல் வடக்கே விழுந்துகொண்டே குறுகி வரும். மன்னார் ஏறக்குறைய 9 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஏப்ரல் 13 ஆம் திகதியளவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று பகல் 12 மணி தாண்டி பத்து நிமிடம் அளவில் தடிக்கு நிழலே இராது. அதற்குப் பிறகு, ஆவணி வரைக்கும் நண்பகல் நிழல் தெற்கே விழும்.

அந்த நாட்களில் புத்தாண்டு விடுமுறை. பாடசாலை பூட்டியிருக்கும், ஆகவே வீட்டில்தான் அளக்க வேண்டும். வீட்டில் பலகாரம் சுடுகிற அமளிக்குள் ஒரு பத்து நிமிடம் பிள்ளையோடு முற்றத்துக்கு வாருங்கள். வெயிலுக்குத் தொப்பி போடுங்கள், சூரியனை நேரே பார்க்க விடாதீர்கள். தடியின் நீளம், நிழலின் நீளம், நேரம், திகதி, ஊர்ப்பெயர் ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, பிள்ளை வரைந்த படத்தோடு எங்களுக்கு அனுப்புங்கள். தலைமன்னாரிலிருந்து சிலாவத்துறை வரை உள்ள பிள்ளைகளும், புத்தளத்தில் இருக்கிற எங்கள் பிள்ளைகளும், ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பேரப்பிள்ளைகளும் அனுப்பலாம். அங்கே அன்றைக்கு நிழல் எவ்வளவு நீளம் என்று எங்கள் பிள்ளைகள் அறிய ஆவலாக இருக்கிறார்கள். வந்து சேர்கிற அளவுகளை எல்லாம் வைகாசி இதழில் ஊர்வாரியாக ஒரு பக்கத்தில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்